கட்டுரையில் மூழ்கிய சூரியன்

கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு எட்டு மாதம் முன்பே கடலைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கிவிட்டவள் நான். பொய் என்றால் பொய்தான். ஆனால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ‘கடற்கரையில் ஒரு மாலை’ என்று தலைப்பைக் கொடுத்தால், ராகலைக்கு மேலே தேயிலை மலையில் இருக்கிறவள் வேறு என்னதான் செய்வாள்? எங்களுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் பீலித் தண்ணீர், அதை விட்டால் மழை, அதையும் விட்டால் பனி. இந்த மூன்றைப் பற்றியும் யாரும் கட்டுரை கேட்கவில்லை.

மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஓர் அக்காவிடம் ஒரு கட்டுரைப் புத்தகம் இரவல் வாங்கினேன். அதிலிருந்து பாதி, டீவியில் பார்த்தது பாதி. சுண்டல்காரர், பலூன்காரர், குதிரைச் சவாரி, எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று வாய் கூசாமல் அள்ளிவிட்டேன். ‘என் அன்னை எனக்குச் சுண்டல் வாங்கித் தந்தார். செங்கதிரோன் செந்நிறப் பந்தாக மாறிக் கடலினுள் மெல்ல மெல்ல மூழ்கினான். அக்காட்சியைக் கண்டு நாங்கள் மெய்ம்மறந்து நின்றோம்’ என்று முடித்தேன். நான் இதை எழுதிய நேரத்தில் என் அன்னை பத்தாம் நம்பர் மலையில் மழைக்குப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

வினை அங்கே முடிந்திருக்கலாம். பரிசளிப்பு விழாவில் அந்தக் கட்டுரையை மேடையில் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். கீழே தோட்டத்துச் சனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் அம்மாவும், அவளுக்குப் பக்கத்தில் பக்கத்துக் காம்பரா அத்தையும்.

இந்த அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொந்த அத்தை இல்லை. ஆனால் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கும் அவள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எங்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் அவள் வீட்டில் தும்முவார்கள். நாங்கள் யார் எங்கே போனோம், எத்தனை மணிக்கு வந்தோம் என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையில் கடிகாரம் கட்டி யாரும் பார்த்ததில்லை. முப்பது வருஷமாக மலையில் நிற்கிறவள், சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கொழுந்து நிறுக்க இன்னும் கா மணி நேரம் கெடக்கு” என்பாள். கங்காணி தன் போனை எடுத்துப் பார்ப்பார். சரியாக இருக்கும்.

விழா முடிந்து பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் சோற்றுப் பெட்டியோடு நான் இறங்கி வந்தபோது, அத்தை நாலு பெண்கள் கேட்க அம்மாவிடம் கேட்டாள்.

“ஏ புள்ள, நீங்க எப்ப கடலுக்குப் போனீங்க? மூச்சு விடலையே!”

அம்மா என்னைப் பார்த்தாள். சோற்றுப் பெட்டியைப் பார்த்தாள். மலையில் எந்தச் சண்டை வந்தாலும் ‘அவகிட்ட கேளுங்க, உள்ளத சொல்லுவா’ என்று அம்மாவைத்தான் கைகாட்டுவார்கள். அப்படிப்பட்ட என் அம்மா சொன்னாள்:

“போன வருசம் அண்ணி. சின்னவனுக்கு மொட்ட போடப் போனோம்ல... அப்படியே ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்தோம்.”

வீட்டுக்கு வந்ததும் முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா தடுக்கவில்லை. அவர் பெக்டரியில் தேயிலை அரைக்கிற மெஷினோடு வேலை செய்து செய்து, வீட்டில் வாயைத் திறக்காத மனிதர். அன்றைக்கு மட்டும், “அடிச்சது போதும், நீயுந்தான சொன்ன” என்றார்.

மறுநாளிலிருந்து அத்தை பிடித்துக்கொண்டாள். பறிக்கும்போது, நிறுக்கும்போது, குழாயடியில் வாளி வைக்கும்போது எல்லாம் ஒரே பேச்சு. “எனக்கு அம்பத்தி ரெண்டு வயசாச்சு புள்ள. கடலுன்னா என்னன்னு பாக்காமலே போயிருவேன் போலருக்கு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே, என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போயேன்.” எட்டு மாதம் அம்மா மழையைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள், கோயில் திருவிழாவைச் சொன்னாள். கடைசியில் சாக்குத் தீர்ந்துவிட்டது.

ஆடி மாதத்துப் போயா தினத்தில் கிளம்பினோம். பௌர்ணமிப் போயா என்றால் மலைக்கும் லீவு, பெக்டரிக்கும் லீவு. ராகலை டவுனிலிருந்து கீழ் நாட்டுக்கு மரக்கறி ஏற்றிப் போகும் முஸ்லிம் நானா ஒருவரின் வேன் அன்றைக்குச் சும்மா நின்றது. லீக்ஸ் வாசமும் கரட் மண்ணும் போகாத அந்த வேனில் அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை. அம்மா கேத்தல், தேயிலைத் தூள், சீனி, கவ்வாத்து வெட்டிய தேயிலை விறகு ஒரு கட்டு, ஆளுக்கொரு ஸ்வெட்டர் எல்லாம் எடுத்து வைத்தாள். ஏறுமுன் என் காதைப் பிடித்துக்கொண்டு, “அத்தைக்கு முன்னால வாயத் தொறந்த, தொலைச்சிப்புடுவேன்” என்றாள். தெரிந்துவிட்டால் லயம் முழுக்க நாறிவிடும் என்பது எனக்குச் சொல்லாமலே தெரியும். பரிசு போனால் போகட்டும். எனக்காக அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாளே என்பதுதான் நெஞ்சில் கல்லாக இருந்தது.

உடப்புசல்லாவை தாண்டி, பதுளை தாண்டி, மலையெல்லாம் பின்னால் போய், ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நானா, “பாசிக்குடாவில லீவு நாள்ல சனம் நெருக்கும். அதுக்கு இந்தப் பக்கம் கல்குடா. அதே கடல், ஆள் கெடயாது. உங்களுக்கு அங்கதான் நல்லம்” என்றார். அவர் எங்களுக்கு நல்லது செய்கிறார். எனக்கோ தலை சுற்றியது. ஆள் கிடையாதா? என் கட்டுரையில் எள் விழ இடமில்லையே!

மரங்களுக்கு நடுவே வேன் நின்றது. அம்மா வழக்கப்படி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, முழங்கால் வரைக்கும் சவர்க்காரம் தேய்த்தாள். எங்கள் ஊரில் புல்லில் கால் வைக்குமுன் செய்கிற காரியம், அட்டை ஏறாமல் இருக்க. அத்தையும் சேலையைத் தூக்கிக்கொண்டு சமத்தாகக் காலை நீட்டினாள். நானா மட்டும், “இங்க அட்டையா?” என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சாமான்களை இறக்கப் போய்விட்டார்.

மரங்களைத் தாண்டி மணல் மேட்டில் ஏறினோம்.

“ஆத்தாடியோவ்!”

கத்தியது அத்தை இல்லை. அம்மா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எதிரே நீலமாக, ஒரு வேலி இல்லாமல், ஒரு மலை குறுக்கே நிற்காமல் அது பாட்டுக்கு வானம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் மணல், வலது பக்கம் மணல், ஈ காக்கா இல்லை. தூரத்தில் ஒரே ஒரு தோணி கவிழ்த்துக் கிடந்தது. நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன வருசத்தவிட... இப்ப கொஞ்சம் பெருசாயிருச்சு அண்ணி” என்றாள் அம்மா.

“இருக்கும் புள்ள. மழை அப்படியில்ல பேயுது” என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் என்னையும் தம்பியையும் தொட்டிலில் ஆட்டி வளர்த்தவள், செருப்பை உதறிவிட்டு மணலில் ஓடினாள். சும்மா ஓடவில்லை, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓடினாள். அத்தை, “ஏ புள்ள, நில்லுடி!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது மனுஷி, வெற்றிலை போட்ட வாயெல்லாம் சிரிப்பு. அம்மா எங்கேயோ நின்று, மூச்சிரைக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையைக் காட்டிக் கத்தினாள்.

“இம்புட்டு எடம் சும்மா கெடக்கு அண்ணி! ஒரு காம்பரா கூட கட்டாம சும்மா கெடக்கு!”

நாங்கள் எல்லோரும் தண்ணீரில் விழுந்தோம். அலை வந்து தம்பியை உட்கார வைத்தது. காலில் தேய்த்த சவர்க்காரம் நுரைத்து வழுக்கி நானும் உட்கார்ந்தேன். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது. கடல் உப்பு என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். இவ்வளவு உப்பு என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு வரி எழுதியிருப்பேன். அப்பா சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு அலைக்கும் “ஹோய்!” என்றார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கரையேறியதும் தேத்தண்ணி போட அம்மா மூன்று கல் கூட்டி விறகை அடுக்கினாள். கேத்தலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். குடிக்கிற தண்ணீர் எடுத்து வரவில்லை. எங்கள் ஊரில் தண்ணீரை யார் சுமந்துகொண்டு போவார்கள்? நாலு அடிக்கு ஒரு பீலி, ரோட்டு வளைவெல்லாம் ஊற்று. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தண்ணீர், கேத்தலுக்கு ஒரு சொட்டு இல்லை.

அத்தை கேட்டுவிட்டாள். “போன வருசம் தண்ணிக்கு என்ன புள்ள செஞ்ச?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“போன வருசம்... இங்கன ஒரு பீலி ஓடிச்சு அண்ணி.”

அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். தட்டையான மணல். பீலி இறங்கி வருவதற்கு ஒரு சின்ன மேடு கூட இல்லை.

“காஞ்சிருச்சு போல” என்றாள் ரொம்ப வருத்தமாக.

நானா வேனை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தார். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் ஆனது. அப்போது அத்தை தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கொண்டைக்கடலை அவித்து, தேங்காய்ப் பூவும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தது. விடியுமுன் எழுந்து செய்திருக்கிறாள். அதை அம்மாவின் கையில் கொடுத்து, “நீயே புள்ளைக்குக் குடு” என்றாள். அம்மா எனக்குக் கொடுத்தாள். “சாப்புடுடி கட்டுரைக்காரி, சுண்டலு” என்று அத்தை என் தலையில் தட்டினாள். சுண்டல்காரர் எங்கே என்று அத்தை கேட்கவில்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தேன் என்று மூன்று கை வாங்கித் தின்றேன்.

தின்று முடித்து மணலில் விளையாடும்போதுதான் பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்தேன். என் நிழல் கடல் பக்கமாக நீண்டு கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். சூரியன் எங்களுக்குப் பின்னால், வேன் நிற்கிற மரங்களுக்கு மேலே இருந்தது. அது கிழக்குக் கடற்கரை. அங்கே சூரியன் காலையில் கடலிலிருந்து வரும், மாலையில் காட்டுக்குள் போகும். கட்டுரைப் புத்தகத்தில் இதை யாரும் எழுதவில்லை. செங்கதிரோன் தலைகீழாக நின்றாலும் இந்தக் கடலில் மூழ்க மாட்டான்!

இருட்டுவதற்குள் எல்லோரையும் கிளப்பிவிட வேண்டும். வயிற்றுவலி என்றேன். அத்தை ஓமம் கொடுத்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் என்றேன். எப்போதும் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தகராறு பண்ணுகிறவள் இப்படிச் சொன்னதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அம்மாவும், “வெள்ளனே போயிரலாம் அண்ணி, ரோடு தூரம்” என்று பார்த்தாள். அத்தை அசையவில்லை.

“இம்புட்டு தூரம் வந்துட்டு சூரியன் கடலுக்குள்ள போறதப் பாக்காம போறதா? லயத்துல கேப்பாங்கள்ல புள்ள. நான் என்னத்தச் சொல்ல?”

அம்மா பாயை எடுத்துக் கடலைப் பார்த்து விரித்தாள். எல்லோரையும் உட்கார வைத்தாள். “யாரும் பின்னால திரும்பாதீங்க. கண்ணு கூசும்” என்றாள். இதற்கு மேல் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் நிழல்கள் நீண்டு நீண்டு தண்ணீரைத் தொட்டன. நான் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். முதுகுச் சூடு குறைந்துகொண்டே வந்தது. தம்பிக்குப் பொறுக்கவில்லை. ஐந்து வயது. பின்னால் திரும்பி, கையை நீட்டி, “இந்தா இருக்கு சூரியன்!” என்றான்.

செத்தேன் என்று நினைத்தேன்.

அத்தை அவனுடைய தாடையைப் பிடித்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பினாள். “அம்மா என்ன சொன்னாங்க? கண்ணு கூசும். முன்னால பாரு” என்றாள். அவள் மட்டும் ஒருமுறை கூடத் திரும்பவில்லை. என் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. கடலின் ஓரத்தில், வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில், சிவப்பாக ஒரு கீற்று. பிறகு பாதி வட்டம். மெதுவாக, செந்நிறப் பந்தாக, தண்ணீரில் அதன் நிறம் வழிய, என் கட்டுரையில் இருந்தபடியே. பௌர்ணமி நிலா!

“இந்தா, புள்ள எழுதுனது!” என்று அத்தை கையைத் தட்டினாள். “அப்படியே எழுதியிருக்கா பாரேன்!”

நானா கொஞ்சம் தள்ளி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “அது நெலாவல்லோ...” என்று ஆரம்பித்தார்.

“நானா, இன்னொரு தேத்தண்ணி குடிங்க” என்றார் அப்பா. காலையிலிருந்து அவர் நானாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அம்மா என் கையை விட்டுவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்தாள். கடல் காற்றில் மணல் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பந்து மூழ்குவதற்குப் பதிலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதை அத்தை கவனிப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று நான்தான் முதலில் ஓடிப்போய் வேனில் ஏறினேன். வழி முழுக்க அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

மறுநாள் பின்னேரம் குழாயடியில் கூட்டம். நான் வாளியோடு போனபோது நடுவில் அத்தை நின்றிருந்தாள். நானா அவள் மகனுடைய போனுக்கு அனுப்பியிருந்த படம் கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. கலங்கலான படம். கறுத்த கடலுக்கு மேல் சிவப்பாக ஒரு வட்டம்.

“சூரியன் கடலுக்குள்ள எறங்குறத என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். “புள்ள எழுதுனது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கு. சுண்டல் கூட தின்னோம். அவ அம்மாவுக்கு அந்த எடம் முழுக்க மனப்பாடம். எங்க எது இருக்குன்னு அவதான் ஒண்ணொண்ணா காட்டுனா. நானும் போகாம இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டேன்.”

பெண்கள் ஆவென்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

“அம்மா! அத்தை நல்லா ஏமாந்துட்டாங்க! நெலாவப் போயி சூரியன்னு நெனச்சுக்கிட்டு எல்லாருகிட்டயும் சொல்றாங்க!”

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏமாந்துட்டாங்களா?” என்றாள். பிறகு அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். “கொண்டு போயி அத்தைக்குக் குடு.”

கொண்டு போனேன். அத்தை அப்போதுதான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மலைக்கு மேலே நின்ற வெயிலை ஒரு பார்வை பார்த்து, “அஞ்சே கால் ஆச்சு, ஒங்க அப்பா வார நேரம்” என்றாள். சரியாக அப்போது அப்பா வளைவில் வந்துகொண்டிருந்தார். இத்தனை வயசாகியும் நிலா எது சூரியன் எது என்று தெரியாமல் இருக்கிறாளே, பாவம் என்று எனக்கு இரக்கமாக வந்தது. தட்டிலிருந்த ரொட்டிகளில் பெரியதாகப் பார்த்து எடுத்து அவள் கையில் வைத்தேன்.